ரிப்போர்ட் முழுக்கப் பச்சை, மாடி முழுக்கக் கோபம்: எஃப்எம் (கட்டிட வசதி மேலாண்மை) சேவையை எதை வைத்து அளப்பது?

மாடிப்படி

வணக்கம். நான் வாடிக்கையாளர் தரப்பு ஆள். நாலு மாதம் முன்பு ஒரு அலுவலக வளாகத்தின் எஃப்எம் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு கட்டிடம், பத்து லிஃப்ட், ஒரு சில்லர் பிளான்ட் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைப்பது), மூன்று டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்). பராமரிப்பு, ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி மூன்றையும் ஒரே நிறுவனம் பார்க்கிறது.

மாதாமாதம் 40 பக்கத்துக்கு ரிப்போர்ட் வருகிறது. மொத்தம் 32 கேபிஐ, அதாவது சேவையை அளக்கும் குறியீடுகள். போன மாதம் 31 பச்சை, ஒன்று மஞ்சள். அதே மாதம் மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து என் மேலாளருக்கு மெயில் போட்டிருக்கிறார்கள். ஒரு லிஃப்ட் ஒரு வாரமாக ஓடவில்லை, மீட்டிங் ரூமில் குளிர் தாங்கவில்லை, கழிப்பறையில் நாற்றம். மேலாளர் ரிப்போர்ட்டையும் மெயிலையும் மேஜையில் அருகருகே வைத்து, "இதில் எது பொய்?" என்று கேட்டார்.

எனக்கென்னவோ இரண்டுமே உண்மை என்றுதான் படுகிறது. அப்படியானால் எங்கே இடிக்கிறது? இந்தத் துறையில் ஊறியவர்கள் சொல்லுங்கள்.

எக்ஸெல்_அடிமை

லிஃப்டை முதலில் முடித்துவிடலாம், அது வெறும் கணக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் "லிஃப்ட் 98% நேரம் ஓட வேண்டும்" என்று இருக்கிறதா? அப்படியானால் 10 லிஃப்ட், 30 நாள், மொத்தம் 300 லிஃப்ட் நாள். ஒரே ஒரு லிஃப்ட் 6 நாள் படுத்துவிட்டால் 2% போச்சு. மீதி 98. பச்சை! அந்த லிஃப்டை நம்பியிருந்தவருக்கு மட்டும் அது 80%.

சதவீதத்தில் இன்னொரு மாயமும் உண்டு. 99.9% என்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று அர்த்தம். அது ஞாயிறு நள்ளிரவில் நின்றதா, திங்கள் காலை எல்லோரும் உள்ளே வரும் நேரத்தில் நின்றதா என்பது அந்த எண்ணில் தெரியாது.

சராசரி இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்திலேயே "இந்த மாதம் அதிக நேரம் நின்ற லிஃப்ட் எது, எத்தனை மணி நேரம்" என்று ஒரு வரி கேளுங்கள்.

மாடிப்படி

98தான்! நின்றது ஏழு நாள். அதில் ஒரு நாளைத் "திட்டமிட்ட பராமரிப்பு" என்று கழித்திருக்கிறார்கள், அடிக்குறிப்பில் இருக்கிறது. மீதி ஆறு நாள். அளந்து தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பம்ப்ரூம்

தம்பி, 18 வருடமாக பிளான்ட் ரூமில் இருக்கிறேன். எண்ணை அலசுவதற்கு முன்னால் அந்த எண்ணை எழுதுவது யார் என்று பாருங்கள். மதிப்பெண் வாங்கப்போகிறவனே பரீட்சைத் தாளையும் திருத்துகிறான். வேலையைச் செய்தவன் எழுதுகிறான், அவன் சூப்பர்வைசர் கூட்டுகிறார், அவர் நிறுவனம் ரிப்போர்ட்டாக அச்சடிக்கிறது. எழுதுகிறவன் கெட்டவன் என்று சொல்லவில்லை. ஒரு ஷிப்டில் நாலு ஏஎச்யு (ஏசிக் காற்றை அனுப்பும் இயந்திரம்) ஃபில்டர் கழுவி, இரண்டு லீக் அடைத்து, ஹெல்ப்டெஸ்க் போனுக்கு ஓடி, அதற்குப் பிறகு லாக்புக் நிரப்ப உட்கார்கிறவனுக்கு எதை எழுதத் தோன்றும்? நேற்று எழுதியதைத்தான்.

நான் பார்த்த ஒரு இடத்தில் ஒரு பம்பின் டெலிவரி பிரஷர் 40 நாள் ஒரே எண்ணாக இருந்தது. லாக்புக் அவ்வளவு சுத்தம், ஆடிட்டர் பாராட்டினார். கேஜின் முள் சிக்கிப் போயிருந்தது. பம்பை நிறுத்தினாலும் அதே எண்தான் காட்டியது.

ஜெனரேட்டர் இதைவிட மோசம். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டிவிட்டு "டெஸ்ட் ஓகே" என்று டிக் போடுவார்கள். 100%. உண்மையில் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் எரியாத டீசல் எக்ஸாஸ்டில் படிந்து எஞ்சினுக்குத்தான் கேடு. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 110 விதி டீசல் செட்டை மாதம் ஒரு முறையாவது 30 நிமிடம், குறைந்தது 30% லோடில் ஓட்டச் சொல்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் "டெஸ்ட் நடந்ததா" என்று கட்டம் இருக்கும். "எவ்வளவு லோடில்" என்று கட்டம் இருக்கிறதா?

ஒப்பந்தப்புறா

சரி, குற்றவாளிக் கூண்டில் நிற்பது என் தரப்பு. நானும் பேசிவிடுகிறேன். சேவை நிறுவனத்தில் கான்ட்ராக்ட் மேனேஜராக இருக்கிறேன்.

பம்ப்ரூம் அண்ணன் சொன்னதில் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த 32 கேபிஐயையும் நாங்கள் எழுதவில்லை. டெண்டரில் வந்தது. பெரும்பாலும் முந்தைய டெண்டரில் இருந்து வெட்டி ஒட்டியது. ஒரு தடவை, லிஃப்டே இல்லாத ஒற்றை மாடிக் கட்டிடத்துக்கு லிஃப்ட் கேபிஐ இருந்தது. மாதாமாதம் 100% போட்டோம், ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்தது பெனால்டி. ஒவ்வொரு கேபிஐயிலும் பணம் தொங்கினால் ரிப்போர்ட் என்பது பில்லாக மாறிவிடும். பில்லில் யாராவது தன் தப்பை எழுதுவார்களா? மாத முடிவில் எங்கள் ஆட்கள் இரண்டு நாள் ரிப்போர்ட்டுக்கு "விளக்கம்" எழுதுகிறார்கள். கடிகாரத்தை எங்கே நிறுத்தலாம், எந்த டிக்கெட்டை (பதிவான புகாரை) "வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பு" என்று மாற்றலாம் என்று. அந்த இரண்டு நாளை பிளான்ட் ரூமில் செலவழித்திருக்கலாம்.

மூன்றாவது, எரிச்சலானது. பழுதைக் கண்டுபிடித்து, உதிரிப்பாகத்துக்கு விலை வாங்கி உங்கள் தரப்புக்கு அனுப்புகிறோம். ஒப்புதல் வர ஒன்பது நாள். பாகம் வர மூன்று நாள். மாட்ட இரண்டு மணி நேரம். ரிப்போர்ட்டில் "பழுது நீக்க 12 நாள்" என்று எங்கள் பேரில் சிவப்பு. அந்த ஒன்பது நாளுக்கு கேபிஐ எங்கே?

கணக்குப்பிள்ளை

ஒப்பந்தப்புறா, நான் கொள்முதல் பக்கம். ஒன்பது நாள் ஏன் ஆகிறது தெரியுமா? போன முறை அதே பாகத்துக்கு மூன்று விதமான விலை வந்தது. பெனால்டி இல்லாமலும் பார்த்துவிட்டோம், போன் எடுக்கக்கூட ஆள் இல்லை.

எனக்கு இந்த 32 கேபிஐயே வேண்டாம். சதுர மீட்டருக்கு எவ்வளவு செலவு, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிடத்தை விடக் குறைவாக இருந்தால் நல்ல சேவை. ஏன் இதைச் சிக்கலாக்க வேண்டும்?

மட்டக்கோல்

கணக்குப்பிள்ளை அவர்களே, எந்தச் சதுர மீட்டர்? வெளிச்சுவரில் இருந்து அளந்ததா, உட்சுவரில் இருந்தா? படிக்கட்டு, லிஃப்ட் குழி, பிளான்ட் ரூம் உள்ளே வருமா? ஒரே கட்டிடத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு பரப்பு வரும், இரண்டும் சரியாகவே இருக்கும். இந்தத் தலைவலிக்காகவே ஐபிஎம்எஸ் என்று ஒரு சர்வதேச அளவீட்டு முறை கொண்டுவந்தார்கள், அலுவலகங்களுக்கானது 2014இல் வந்தது. இன்னும் எல்லோரும் அதற்கு மாறவில்லை.

பரப்பு ஒத்துப்போனாலும், அந்தப் பரப்பால் வகுக்கும் செலவில் என்னென்ன சேர்த்தார்கள்? மின்சாரம்? செக்யூரிட்டி? சில்லர் பிளான்ட்டை மாற்றிய வருடத்தின் மூலதனச் செலவு? உங்கள் கட்டிடம் பகல் ஷிப்ட் மட்டும், பக்கத்துக் கட்டிடம் 24 மணி நேரம் என்றால்? வகைப்பாட்டை ஒழுங்குபடுத்தத்தான் ஐரோப்பாவில் இஎன் 15221 என்ற எஃப்எம் தர வரிசை வந்தது. அதன் 7ஆம் பகுதி (2012) முழுக்க இந்த ஒப்பீட்டைப் பற்றியதுதான். படித்தால் ஒன்று புரியும்: ஒப்பிடுவதை விட, ஒப்பிடுவதற்குத் தகுந்தபடி எண்களைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை.

செலவை மட்டும் பார்த்தால் இன்னொரு ஆபத்து. பராமரிப்பைத் தள்ளிப்போடும் வருடத்தில் உங்கள் எண் பிரமாதமாக இருக்கும். தள்ளிப்போட்ட வேலையின் செலவை, கட்டிடத்தையே புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுத்தால் எஃப்சிஐ என்று ஒரு எண் வரும். 5%க்குள் இருந்தால் நல்ல நிலை, 10% தாண்டினால் மோசம் என்று பரவலாக வைத்துக்கொள்கிறார்கள். செலவுக் கோடு இறங்கும்போது இது மெதுவாக ஏறும். மூன்று வருட ஒப்பந்தத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். ஏறி முடிக்கும்போது அடுத்த நிறுவனம் வந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை

ஒத்துக்கொள்கிறேன், சதுர மீட்டர் விஷயத்தில். மேலே என்னிடம் கேட்பவர்கள் ஒரு எண்தான் கேட்கிறார்கள் சார், நான் என்ன செய்ய.

துடைப்பம்

நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். எங்கள் வேலையை அளப்பதைப் பற்றியும் நாலு வார்த்தை.

பத்து மணிக்குக் கழிப்பறை கழுவுகிறோம். பத்தே காலுக்கு ஒருவர் தரை முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டுப் போகிறார். பத்தரைக்கு இன்ஸ்பெக்‌ஷன். மதிப்பெண் யாருக்கு? லிஃப்ட் ஓடினால் ஓடியதுதான், அதைப் பிறகும் எண்ணலாம். எங்கள் வேலை செய்து முடித்த நிமிடத்தில் இருந்து அழியத் தொடங்குகிறது. அதனால்தான் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு மணிக்கொரு கையெழுத்துக் கேட்கிறார்கள். காலையிலேயே சாயங்காலம் வரைக்கும் போட்ட அட்டைகளை நானே கிழித்திருக்கிறேன்.

அப்புறம் ஆள் கணக்கு. பல ஒப்பந்தங்கள் எங்களைத் தலை எண்ணித்தான் அளக்கின்றன. ஷிப்டுக்கு 22 பேர். 21 வந்தால் பிடித்தம். 22 பேரும் வந்து பாதி மாடி அழுக்காக இருந்தால் பிடித்தம் இல்லை! அதே நேரம் 19 பேரை வைத்து நன்றாகச் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தாலும் யாருக்கும் லாபம் இல்லை.

ஏடிபி மீட்டர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். மேற்பரப்பில் துடைத்த பஞ்சைப் போட்டால் எண் காட்டும். நல்ல கருவிதான். ஆனால் அது உயிர்ப்பொருள் எச்சத்தைத்தான் காட்டும். தூசி, கறை, நாற்றம் அதற்குத் தெரியாது. ஒரு கம்பெனி மீட்டரின் எண்ணை இன்னொரு கம்பெனி மீட்டரோடு ஒப்பிடவும் முடியாது. ஒரே மீட்டர், ஒரே இடங்கள், மாதாமாதம் என்றால் பயன்படும்.

மாடிப்படி தம்பி, அந்த மூன்றாம் மாடிக் கழிப்பறையில் நாற்றம் என்றீர்களே, தரை ஈரமாக இருக்கிறதா, காய்ந்து இருக்கிறதா?

மாடிப்படி

காய்ந்துதான் இருக்கிறது அக்கா. சுத்தமாகவும் இருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தேன். ஆனால் உள்ளே நிற்க முடியவில்லை.

துடைப்பம்

அப்படியானால் அது என் ஆட்களின் வேலையாக இருக்காது. காற்று வெளியே போகவில்லை. எக்ஸாஸ்டைப் பாருங்கள். தரையில் இருக்கும் டிராப்பில் (சாக்கடை நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் வளைவு) தண்ணீர் வற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்ஸெல்_அடிமை

மாடிப்படி, டிக்கெட் பட்டியலை முழுசாக வாங்கி, இடம் வாரியாக அடுக்குங்கள். அந்தக் கழிப்பறைக்கு இரண்டு மாதத்தில் எத்தனை டிக்கெட் வந்தது, எப்படி மூடினார்கள் என்று பாருங்கள்.

பதில் வருவதற்குள் இன்னொன்று: புகார் எண்ணிக்கையை கேபிஐயாக வைக்கவே வைக்காதீர்கள். ஒரு இடத்தில் கதவுக்குக் கதவு க்யூஆர் ஒட்டினோம், ஒரே மாதத்தில் புகார் மூன்று மடங்கு. சேவை மூன்று மடங்கு கெட்டுப்போனது என்று கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். முன்பு போன் செய்து களைத்துப்போய் விட்டவர்கள் எல்லாம் இப்போது தட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். புகாரே வராத மாடிதான் எனக்குச் சந்தேகம்.

மட்டக்கோல்

மீட்டிங் ரூம் குளிரையும் பார்த்துவிடலாம். டென்மார்க்கின் ஃபாங்கர் 1970 வாக்கில் வகுத்த வெப்ப வசதிக் கணக்குதான் இன்றும் ஐஎஸ்ஓ 7730 என்ற சர்வதேசத் தரத்தின் அடிப்படை. அதன்படி எல்லாம் கச்சிதமாக இருந்தாலும் அறையில் 5% பேருக்கு அதிருப்தி இருந்தே தீரும். ஆஷ்ரே 55 என்ற அமெரிக்கத் தரம் இலக்காக வைப்பதும் 80% பேரின் ஒப்புதலைத்தான். "வெப்பநிலைப் புகார் பூஜ்யம்" என்று ஒரு கேபிஐ பார்த்தால், அதை எழுதியவர் இயற்கையோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் மாடியே சேர்ந்து எழுதியிருக்கிறது, அது 5% இல்லை. பிஎம்எஸ் (கட்டிடத்தைக் கண்காணிக்கும் கணினி) என்ன காட்டுகிறது?

மாடிப்படி

24 டிகிரி. மாதம் முழுக்க. அதனால்தான் பச்சை.

பம்ப்ரூம்

சென்சார் எங்கே இருக்கிறது?

மாடிப்படி

...பக்கத்துப் பிரிண்டர் அறையில். போன வருடம் தடுப்புச் சுவர் போட்டு ஒரு ஹாலை இரண்டாக்கியிருக்கிறார்கள். சென்சார் அந்தப் பக்கம் போய்விட்டது. பிரிண்டர் சூட்டுக்கு ஏசி ஓடுகிறது, மீட்டிங் ரூம் நடுங்குகிறது.

பம்ப்ரூம்

இதற்கு எந்த கேபிஐயும் தப்பு இல்லை. சுவர் போட்டவன் எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். கட்டிடம் மாறிக்கொண்டே இருக்கும், டிராயிங் திறந்துவைத்த நாளிலேயே நின்றுபோயிருக்கும்.

ஒப்பந்தப்புறா

அதேதான் அசெட் பட்டியலிலும் (கட்டிடத்தில் உள்ள இயந்திரங்களின் பட்டியல்). நாங்கள் ஒப்பந்தம் எடுக்கும்போது பழைய நிறுவனம் ஒரு எக்ஸெலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். அதைச் சரிபார்க்க ஒரு மாதம் கேட்டால், "நாளைக்கே ஆரம்பியுங்கள்" என்பார்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் பிபிஎம் (திட்டமிட்ட தடுப்புப் பராமரிப்பு) அட்டவணை. அட்டவணையில் இருப்பதை எல்லாம் செய்தால் 100%. பட்டியலில் இல்லாத இயந்திரத்துக்கு அட்டவணையே கிடையாது, தவறிப்போகவும் வழி கிடையாது.

கணக்குப்பிள்ளை

ஐஎஸ்ஓ 41001 என்ற எஃப்எம் தரச் சான்றிதழ் வாங்கிய நிறுவனத்தையே எடுத்தால் இந்தக் குழப்பம் எல்லாம் வராது இல்லையா?

மட்டக்கோல்

2018இல் வந்த தரம் அது. எதை அளப்பது, எப்படி, எப்போது என்று நீங்களே தீர்மானித்து எழுதிவைக்கச் சொல்லும். லிஃப்டுக்கு 98 என்றோ 99 என்றோ சொல்லித் தராது. அதன் கூடப்பிறந்த ஐஎஸ்ஓ 41011, எஃப்எம் என்றால் என்ன என்று சொல்லும்போது மக்களின் வாழ்க்கைத் தரத்தையும் நிறுவனத்தின் முதன்மைத் தொழிலின் உற்பத்தித் திறனையும் மேம்படுத்துவது நோக்கம் என்கிறது. சரி, ஏசி நன்றாக ஓடியதால் உங்கள் அலுவலக உற்பத்தி எவ்வளவு கூடியது என்று எப்படிப் பிரித்து எடுப்பீர்கள்? அதே காலாண்டில் புது மேலாளர் வந்திருப்பார், சம்பளம் கூடியிருக்கும். நோக்கம் அங்கே இருக்கிறது, நம்மால் எண்ண முடிவது இங்கே டிக்கெட்டில் இருக்கிறது. நடுவில் இருக்கும் தூரத்தை 32 கேபிஐ போட்டும் கடக்க முடியாது. எனக்கும் இதற்கு முழுப் பதில் கிடையாது, 25 வருடமாகத் தேடுகிறேன்.

எக்ஸெல்_அடிமை

முழுப் பதில் வேண்டாம் சார், அரைப் பதில் போதும். என் பட்டியல் இது, வேலை செய்திருக்கிறது: 30 நாளுக்குள் அதே இடத்தில் அதே புகார் திரும்ப வந்த எண்ணிக்கை. ஒவ்வொரு வகையிலும் மோசமான ஒன்று. காத்திருந்த நேரம் மூன்றாகப் பிரித்து: சேவை நிறுவனம், வாடிக்கையாளர், பாகம் விற்பவர். டிக்கெட்டை மூடும் பொத்தான் புகார் கொடுத்தவர் கையில். பணம் இதில் ஒன்றிரண்டில் மட்டும் தொங்கட்டும், மற்றவை பேசுவதற்கு.

ஒப்பந்தப்புறா

மூன்றாகப் பிரிப்பதற்கு நான் இன்றே கையெழுத்துப் போடுகிறேன். மூடும் பொத்தான்தான் இடிக்கிறது. வேலை முடிந்து பத்து நாள் ஆனாலும் மெயிலைத் திறக்காதவர்கள் உண்டு.

எக்ஸெல்_அடிமை

இரண்டு வேலை நாளில் பதில் இல்லை என்றால் தானாக மூடட்டும். ஆனால் அதைத் தனிக் கணக்காகக் காட்ட வேண்டும்.

கணக்குப்பிள்ளை

ஒப்புதல் நாளையும் அளக்கப்போகிறீர்களா? அடடா. சரி, அளந்துகொள்ளுங்கள். ஒரு தொகைக்குக் கீழே மாடிப்படியே கையெழுத்துப் போடலாம் என்று மாற்றினால் பாதி நாள் குறையும். அதை நான் மேலே எழுதுகிறேன்.

மாடிப்படி

மன்னிக்கவும், நான்கு நாளாகக் காணாமல் போய்விட்டேன். டிக்கெட் பட்டியலை அலசினேன். மூன்றாம் மாடிக் கழிப்பறைக்கு இரண்டு மாதத்தில் 11 டிக்கெட். எல்லாம் "நாற்றம்". எல்லாவற்றையும் ஹெல்ப்டெஸ்க் ஹவுஸ்கீப்பிங்குக்கு அனுப்பியிருக்கிறது. எல்லாம் 30 நிமிடத்துக்குள் மூடியது, "சுத்தம் செய்யப்பட்டது, வாசனைத் திரவியம் அடிக்கப்பட்டது" என்று. பதினொன்றும் பச்சை. சொல்லப்போனால் மூன்றாம் மாடியின் சராசரிப் பதில் நேரத்தைத் தூக்கி நிறுத்தியதே இந்த 11தான்.

துடைப்பம் அக்கா சொன்னபடி இன்று ஒரு டெக்னீஷியனைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஃபேன் சுற்றவில்லை. பெல்ட் அறுந்து கீழே கிடக்கிறது, எப்போது அறுந்ததோ, மேலே தூசி படிந்திருக்கிறது. பிஎம்எஸ்ஸில் "ஓடுகிறது" என்று காட்டுவது மோட்டாரை. ஃபேனில் டேக் நம்பரைத் தேடினோம். டேக்கே இல்லை. அசெட் பட்டியலில் அந்த வரிசையில் எட்டு ஃபேன். மாடியில் எண்ணினால் பத்து.

மற்ற பட்டியலையும் ஒவ்வொன்றாக எண்ணப்போகிறோம், சேவை நிறுவனத்து ஆளும் நானும் சேர்ந்து. முடிய மூன்று வாரம் ஆகும் என்கிறார். அதுவரை ரிப்போர்ட்டில் பிபிஎம் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டேன். மேலாளர் ஒத்துக்கொண்டார். பெல்ட் நாளைக்கு வருகிறது.

பம்ப்ரூம்

பெல்ட்டை மட்டும் மாட்டிவிட்டு இறங்கிவிடாதீர்கள் தம்பி. புல்லி இரண்டும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோணலாக இருந்தால் இதுவும் சீக்கிரமே அறுந்துவிடும். அந்தப் பத்தாவது ஃபேனையும் ஒரு தடவை கையால் சுற்றிப் பாருங்கள், சுவிட்சை அணைத்துவிட்டு.